ஒளிக்கு ஏது சேர்க்கை?

கேள்வி: இலைகள் சூரிய ஒளியைச் சர்க்கரையாக மாற்றுவதைத்தான் ஒளிச்சேர்க்கை என்கிறார்கள். கையில் பிடிபடாத ஒளி எப்படிச் சர்க்கரையாகும்? சுருக்கமாக விளக்கவும்.

பதில்: ஆகாது. நீங்கள் கேட்ட சுருக்கம் இத்தோடு முடிந்தது. இனி என் பங்கு.

உங்கள் சந்தேகம் தாவரவியல் சந்தேகமே அல்ல, இலக்கணச் சந்தேகம். 'மாணவர் சேர்க்கை' என்றால் மாணவரைச் சேர்ப்பது. அதே கணக்கில் ஒளிச்சேர்க்கையை 'ஒளியைச் சேர்ப்பது' என்று விரித்துவிட்டீர்கள். அது இரண்டாம் வேற்றுமை அல்ல ஐயா, மூன்றாம் வேற்றுமை: ஒளியால் சேர்ப்பது. 'ஐ' போட வேண்டாம், 'ஆல்' போடுங்கள், பாதி உயிர்வேதியியல் புரிந்துவிடும். வேற்றுமை உருபு மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் என்று நம்பும் பாடநூல்காரர்களிடம் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஒரு பேச்சுக்கு அதை மாணவர் சேர்க்கையாகவே வைத்துக்கொள்வோம். வாசலில் உட்கார்ந்திருப்பவர் பச்சையம். சிவப்புக்கும் நீலத்துக்கும் உடனே இடம். பச்சை ஒளிக்கு மட்டும் ஆயிரம் கேள்வி. அதிலும் கணிசமான பகுதி எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது, மீதி திருப்பி அனுப்பப்படுகிறது. 'ஆகா, என்ன பசுமை' என்று நாம் பார்த்து மயங்குவது அந்த நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களைத்தான்.

உள்ளே போன ஒளி சர்க்கரையில் ஓர் அணுவாகக்கூட உட்காருவதில்லை. அது கூலியாள். தண்ணீரைப் பிளப்பதற்கு அதன் ஆற்றல் செலவாகிறது. ஹைட்ரஜனை இலை வைத்துக்கொள்கிறது, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அந்த ஆக்சிஜன் வருவது தண்ணீரிலிருந்துதான், கரியமில வாயுவிலிருந்து அல்ல. ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜனை அடையாளமாக வைத்து 1941-இல் காட்டினார்கள். பிறகு, காற்றிலிருந்து பிடித்த கரியமில வாயுவை ரூபிஸ்கோ என்ற நொதி கோக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ மூன்று மூலக்கூறுதான் அதன் வேகம். அவ்வப்போது ஆள்மாறாட்டமாக ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொண்டு வேலை நடக்க வேண்டுமானால் ஆள்பலம் வேண்டும். அதனால்தான் இலைக்குள் ரூபிஸ்கோ அவ்வளவு குவிந்து கிடக்கிறது. முதலில் கிடைப்பது மூன்று கார்பன் கொண்ட சிறு அமிலம். அதிலிருந்து சர்க்கரை. பயணத்துக்கு சுக்ரோஸ், இரவுச் செலவுக்கு ஸ்டார்ச். (கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் இந்தக் கட்டத்தை 'இருள்வினை' என்று பெயரிட்டவரையும் தேடிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான செடிகளில் அது பட்டப்பகலில் நடக்கிறது.)

இந்தப் பாதையைக் கதிரியக்கக் கார்பனை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் யார்? 'கால்வின்' என்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம். பாசிக்குள் அந்தக் கார்பன் எங்கெங்கே போகிறது என்று படிப்படியாகத் துப்புத் துலக்கியதில் ஆண்ட்ரூ பென்சனின் கை பெரிது. பெயரிலேயே பென்சன் இருந்தும், 1954-இல் அவர் கால்வினின் ஆய்வகத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1961-இல் வேதியியல் நோபல் கால்வினுக்கு மட்டும். கால்வின் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் பென்சன் என்ற பெயரே கிடையாது.

ஆகவே இந்தப் பக்கத்தில் அந்தப் பாதையின் பெயர் கால்வின்-பென்சன் சுழற்சி. போன தடவை இடம் போதவில்லை என்று மெய்ப்புத் திருத்துபவர் பென்சனை வெட்டிவிட்டார். இந்த முறையும் வெட்டியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.