காளான் படுக்கையில் பச்சை: எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும்?

கேள்வி: வீட்டில் சிப்பிக் காளானுக்காக மூன்று வைக்கோல் படுக்கைகள் போட்டு 12 நாள் ஆகிறது. ஒரு பையின் அடிப்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பச்சை படர்ந்திருக்கிறது. இன்னொன்றில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் சின்னப் பச்சைப் புள்ளி. மூன்றாவதில் பச்சை இல்லை, ஆனால் மஞ்சளாக நீர் தேங்கியிருக்கிறது. மூன்றையும் தூக்கிப் போட வேண்டுமா? மருந்து தெளித்தால் சரியாகுமா?

பதில்: மூன்றையும் போட வேண்டாம். ஆனால் முதல் பையை இன்றே வெளியேற்றிவிடுங்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும், பிரிக்காதீர்கள். அந்தப் பச்சை முழுவதும் பூசணத்தின் வித்துத்தூள். பையை ஒரு தடவை உதறினாலே அறை முழுக்கப் பறந்து, நன்றாக இருக்கும் படுக்கைகளிலும் இறங்கிவிடும். மூக்கு, வாயை மூடிக்கொண்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் மெதுவாக இறக்கி இறுக்கக் கட்டுங்கள். காளான் அறைக்குத் தள்ளி ஓரிடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

உங்கள் பையில் வந்திருப்பது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணம்தான். செடிகளின் வேரழுகலைத் தடுக்க விதையோடு கலக்கிறார்களே, அதே இனம். மற்றப் பூஞ்சைகளைத் தாக்கி அழிப்பதுதான் அதன் குணம். காளானும் ஒரு பூஞ்சைதானே; செடிக்கு நண்பனாக இருப்பது காளானுக்கு எமனாகிவிடுவது இதனால்தான். தோட்டத்துக்கு டிரைக்கோடெர்மா பொடியைப் பயன்படுத்துகிறவர் என்றால், அதைத் தொட்ட கையோடும் உடையோடும் காளான் அறைக்குள் போகாதீர்கள்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பச்சைப் பூசணம் முதலில் பச்சையாக வராது, வெள்ளையாகத்தான் வரும். வைக்கோலில் ஓடும் காளான் இழையும் வெள்ளைதான்; ஆனால் அது மெல்ல, ஒரே சீராக முன்னேறும். வைக்கோலை இறுக்கிப் பிடித்து நூல் பின்னியதுபோல் தெரியும். பூசணத்தின் வெள்ளை சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல் அடர்த்தியாக, திட்டாக இருக்கும். அந்தத் திட்டின் நடுவில் ஓரிரு நாளில் பச்சை தட்டும். ஆகவே நீங்கள் பச்சையைப் பார்க்கும் நாளில் பூசணம் உள்ளே நெடுந்தூரம் போயிருக்கும். மருந்து பலிக்காததும் இதனால்தான். மேலே தெளிப்பது உள்ளே ஓடியிருக்கும் இழையை எட்டாது. அதோடு, நாம் சாப்பிடப்போகிற பொருள் அந்த வைக்கோலில் இருந்துதான் முளைக்கப்போகிறது.

இரண்டாவது பைக்கு வழி இருக்கிறது. 12 நாளில் மற்ற இடமெல்லாம் வெள்ளை பிடித்திருந்தால் காளான் இழை பலமாக இருக்கிறது என்று அர்த்தம். மின்விசிறியை அணைத்துவிட்டு, நனைத்த பஞ்சை அந்தப் புள்ளிமேல் பூப்போல வைத்து மூடுங்கள். துடைக்க வேண்டாம், துடைத்தால் தூள் பறக்கும். அதன்மேல் கல்லுப்பையோ கெட்டியாகக் கரைத்த சுண்ணாம்பையோ அப்பிவிட்டு, பையைத் தனியிடத்துக்கு மாற்றுங்கள். இது நோயைத் தீர்க்காது, தள்ளிப்போடும். அதற்குள் ஓர் அறுவடை எடுத்துவிடலாம். சுத்தமான பக்கத்தில் விளைந்த, உறுதியான காளானைச் சாப்பிடலாம். தண்டில் பூசணம் தொட்டிருந்தாலோ வாடை மாறியிருந்தாலோ வேண்டாம். பச்சை பெரிதாகிக்கொண்டே போனால் அறுவடைக்குக் காத்திருக்காமல் வெளியேற்றுங்கள். தினமும் நல்ல படுக்கைகளைக் கவனித்து முடித்த பிறகே இந்தப் பையைத் தொட வேண்டும்.

மூன்றாவது பையை முகர்ந்து பாருங்கள். மழைக்குப் பிந்தைய மண் போலவோ, புதுக் காளான் போலவோ மணந்தால் பயமில்லை. வெப்பத்தாலோ வேறு கிருமியோடு மல்லுக்கட்டுவதாலோ காளான் இழை கசியவிடும் நீர்தான் அது. துடைத்த ஊசியால் அடியில் ஒரு துளை போட்டு வடியவிட்டு, பையைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். புளித்த வாடையும் வழவழப்பும் இருந்தால் அது பாக்டீரியா, அழுகல் தொடங்கிவிட்டது.

வேறு நிறங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுபோல் வருவது நியூரோஸ்போரா; மிக வேகமாக அறையைப் பிடித்துவிடும், உடனே வெளியேற்றுங்கள். கறுப்பும் மஞ்சள் கலந்த பச்சையும் ஆஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம். நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டேயே போக வேண்டாம். சாம்பல் நிறத்தில் சிலந்தி வலைபோல் படர்வது, காற்றோட்டமில்லாமல் ஈரம் கட்டிக் கிடப்பதன் அடையாளம்.

இனி காரணத்துக்கு வருவோம். பூசணம் எங்கே வந்தது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். உங்கள் முதல் பைபோல அடியில் வந்தால் வைக்கோலில் ஈரம் அதிகம். துளையைச் சுற்றி வந்தால் கை, ஊசி, காற்று வழியாக வந்தது. விதை தூவிய அடுக்கிலிருந்தே கிளம்பினால் காளான் விதையில் கோளாறு. பை முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை.

வேகவைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கொதிநீரை வைக்கோல்மேல் ஊற்றி மூடிவைத்தால் போதும் என்று நினைக்கிறோம். கொஞ்ச நேரத்திலேயே அது ஆறிவிடும். வைக்கோல் முழுவதும் மூழ்கும்படி மேலே கனம் வைத்து, நீரின் சூடு 75 முதல் 80 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு ஒரு மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். அப்புறம் சுத்தமான துணியில் பரப்பி ஆறவிட்டு, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் உலர வேண்டும். தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் விதை போட வேண்டும். வெதுவெதுப்பு இருந்தால் விதை செத்து, பூசணத்துக்கு இடம் காலியாகிவிடும். விதைப் பையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும், ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தாலும் வேண்டாம்.

விதை பரவும் நாட்களில் அறை 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காதீர்கள். இழை ஓடும்போது படுக்கை தானாகவே சூடாகும், அறையைவிட உள்ளே சில டிகிரி கூடுதலாக இருக்கும். அந்தச் சூடு டிரைக்கோடெர்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் பை இருந்த இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த படுக்கையை அங்கே வையுங்கள்.