மீனில் மருந்து வாடை: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: போன ஞாயிறு சந்தையில் ஒன்றரை கிலோ வஞ்சிரம் வாங்கினேன். கழுவும்போது மருந்து நெடி கண்ணைக் கரித்தது. கெடாமல் வைக்கும் ரசாயனமான ஃபார்மலினோ என்று பயந்து பாதியைக் கொட்டிவிட்டேன். அப்பாவின் பழைய புத்தகத்தில் 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் என்று இருக்கிறது. அதன்படி வழக்குப் போடலாமா? (ராயபுரம் வாசகி)

பதில்: அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2011 ஆகஸ்ட் 5 முதல் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம்தான். ஆனாலும் அப்பாவின் புத்தகத்தில் 12-வது பிரிவைப் படியுங்கள். புதிய சட்டத்தின் 40-வது பிரிவும் கிட்டத்தட்ட அதுவேதான்: பொருளை வாங்கிய யாரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம், உணவு விதிப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்ப வரும். சென்னையில் அவருடைய ஆய்வகம் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் இருக்கிறது.

சிக்கல் ஒன்று உண்டு. சோதனைக்கு அனுப்பப் போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் செதில் சீவி, மஞ்சள் தடவிய பிறகு வந்த சந்தேகத்துக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. ரசீதும் இருக்காது, "இது என் கடை மீனே இல்லை" என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது.

அதனால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். எந்தக் கடை, எந்த வரிசை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அவர் கடையிலேயே மாதிரி எடுத்து, நான்கு பங்காக்கி முத்திரை வைப்பார். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். மீன் கெடாமலிருக்கத்தான் ஃபார்மலின் அடிக்கிறார்கள்; அது ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த நீர். ஆனால் இறந்த மீனில் ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே கொஞ்சம் உருவாகும். அதனால் கடையில் விற்கும் சோதனைக் கிட் நிறம் மாறினால் அது சந்தேகத்துக்குத்தான் ஆதாரம். நீதிமன்றம் கேட்பது அளவு போட்ட ஆய்வக அறிக்கையை.

பாதுகாப்பற்ற உணவு என்று நிரூபணமானால், யாருக்கும் பாதிப்பு இல்லாவிட்டாலும் 3 மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். சாப்பிட்டு யாருக்காவது வயிற்று உபாதை வந்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 65-வது பிரிவில் இழப்பீடு கேட்க அது வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு. புகாரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கடையில் அதே சரக்கு இருக்கும்போதே அலுவலர் போக வேண்டும்.