நூறு புத்தகத்துக்கு நூற்றொரு க்வெரி ஏன்?

கேள்வி: பைத்தானில் வெப் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் நூலகத்துக்கு ஒரு செயலி எழுதியிருக்கிறேன். பட்டியல் பக்கம் பத்துப் புத்தகம் இருந்தவரை பறந்தது, நூற்றுக்கணக்கில் சேர்ந்ததும் நகரவே மாட்டேன் என்கிறது. பைத்தான் கோடை டேட்டாபேஸுக்கான கட்டளையாக மாற்றித் தரும் ஓஆர்எம்மைத் தூக்கிவிட்டு, டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லை நேராக எழுதச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பட்டியலில் ஒவ்வொரு புத்தகத்துக்குப் பக்கத்திலும் ஆசிரியர் பெயரைக் காட்டுகிறீர்கள், ஆசிரியர்கள் தனி டேபிளில் இருக்கிறார்கள், சரியா? நீங்கள் சொல்லாமல் ஜாங்கோ அந்த டேபிளைத் தொடாது. புத்தகங்களை எடுக்க ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி), அப்புறம் லூப்புக்குள் ஆசிரியர் பெயரைக் கேட்கக் கேட்க புத்தகத்துக்கு ஒன்றாக இன்னொரு க்வெரி, ஆக 100 புத்தகத்துக்கு 101. 'என் பிளஸ் ஒன்' என்பது இதுதான். இதில் மோசம் என்னவென்றால், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு க்வெரியும் வேகமானதுதான், அதனால் தாமதமான க்வெரிகளை டேட்டாபேஸ் குறித்துவைக்கும் ஸ்லோ க்வெரி லாகில் எதுவும் சிக்காது. நேரமெல்லாம் டேட்டாபேஸ் சர்வருக்குப் போய்த் திரும்புவதிலேயே கரைகிறது. லூப்புக்குள் க்வெரி ஓடும்வரை, எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதினாலும் இதே கதைதான்.

புத்தகத்துக்கு ஒரே ஆசிரியர் என்றால் க்வெரியில் 'செலக்ட் ரிலேட்டட்' சேர்த்துவிடுங்கள், ஜாயின் போட்டு, அதாவது இரண்டு டேபிளையும் இணைத்து, ஒரே க்வெரியில் வந்துவிடும். ஒரு புத்தகத்துக்குப் பல ஆசிரியர்கள் என்று மெனி டு மெனியாக வைத்திருந்தால் அது உதவாது, 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்' வேண்டும். அது இரண்டாவதாக ஒரு க்வெரி அனுப்பி எல்லா ஆசிரியர்களையும் மொத்தமாக எடுத்து, பைத்தானுக்குள்ளேயே இணைத்துக்கொள்ளும். ஆனால் அதன்பிறகு லூப்புக்குள் அந்த ஆசிரியர்கள்மேல் ஃபில்டர் போட்டீர்களோ, எடுத்து வைத்தது வீண், மறுபடி புத்தகத்துக்கு ஒரு க்வெரி கிளம்பும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அந்த ஃபில்டரை 'ப்ரீஃபெட்ச்' ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.

எதை மாற்றுவதற்கு முன்பும் ஜாங்கோ டீபக் டூல்பாரைப் போட்டு எத்தனை க்வெரி போகிறது என்று பாருங்கள். சரிசெய்ததும் டெஸ்டில் 'அசர்ட் நம் க்வெரீஸ்' வைத்துவிட்டால், நாளைக்கு வேறு யாராவது டெம்ப்ளேட்டில் ஒரு வரி சேர்த்து எண்ணிக்கையை ஏற்றினாலும் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் நேரடி எஸ்க்யூஎல் தேவையே இல்லையா?

பதில்: தேவைதான். பெரிய ரிப்போர்ட் க்வெரியை ஓஆர்எம்மில் வளைத்து நெளித்து எழுதுவதைவிட எஸ்க்யூஎல்லில் எழுதினால் படிக்கவும் எளிது. ஆனால் பயனர் தட்டிய எதையும் க்வெரி ஸ்ட்ரிங்கோடு ஒட்டாதீர்கள், மதிப்பை ஸ்ட்ரிங்குக்குள் நேராகச் செருகும் பைத்தானின் எஃப் ஸ்ட்ரிங் வேண்டவே வேண்டாம், எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு, அதாவது பயனர் தன் கட்டளையை உங்கள் க்வெரிக்குள் நுழைப்பதற்கு, கதவு திறப்பது அதுதான். மதிப்புகளை பாராமீட்டராகத் தனியே அனுப்புங்கள், அவை வரவேண்டிய இடத்தில் போடும் குறியை (%s) சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள்.