கேளுங்கள் சொல்கிறேன்: ஆல்போர்க் பையனும் யூட்டா கல்லூரியும்

டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போன மார்மன்களைப் பற்றி ஒரு வரி படித்தேன். பச்சைப்பசேல் என்ற நாட்டை விட்டு யூட்டா பாலைவனத்துக்கு ஏன் போனார்கள்?
(வாசகர், தேனி)

1849-ல் டென்மார்க்கின் புதிய அரசியல் சட்டம் மதச் சுதந்திரம் கொடுத்தது. அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் மதம் பரப்பும் ஊழியர்கள் கோபன்ஹேகனில் வந்து இறங்கிவிட்டார்கள். 1851-ல் அவர்களின் வேதமான மார்மன் நூல் டேனிஷ் மொழியில் அச்சானது. ஆங்கிலம் தவிர வேறு மொழியில் அது வெளிவந்தது அதுவே முதல் தடவை.

சட்டம் அனுமதித்ததை ஊர் அனுமதிக்கவில்லை. சேர்ந்தவர்களுக்குக் கேலியும் அடியும் கிடைத்தன. அவர்களில் பலர் சிறு விவசாயிகள், கைத்தொழில்காரர்கள். 'சீயோனில் (அதாவது யூட்டாவில்) வந்து கூடுங்கள்' என்று சபை அழைத்தது, பயணத்துக்குக் கடன் கொடுக்கவும் ஒரு நிதி வைத்திருந்தது. அங்கே போனால் சொந்த நிலம். வேறென்ன வேண்டும்? யூட்டாவின் சான்பீட் பள்ளத்தாக்கில் தெருவுக்குத் தெரு டேனிஷ் பேச்சு கேட்கும் அளவுக்குக் குடியேறினார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னால் யாரை எழுதுவீர்கள்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ஆன்டன் லுண்ட். யோசிக்கவே வேண்டாம்.

1844-ல் டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட, பாட்டி வளர்த்த பிள்ளை. படிப்பில் கெட்டி. 12-வது பிறந்த நாளில் மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். மறு வருடமே சபைப் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்கா கிளம்பும் குடும்பங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது அவர் வேலைகளில் ஒன்று. அப்பா வயது ஆட்கள் மாணவர்கள், பதின்மூன்று வயதுப் பையன் வாத்தியார்!

1862-ல் அவரே கப்பல் ஏறினார். ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில் குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டது. பயணிகளில் மருத்துவர் யாரும் இல்லை. மருந்துப் பெட்டியையும், எதற்கு எதைக் கொடுப்பது என்று சொல்லும் புத்தகத்தையும் லுண்டிடம் ஒப்படைத்தார்கள். வயது பதினெட்டு. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படுக்கை படுக்கையாக மருந்து கொடுத்தார். அப்படியும் நிறையக் குழந்தைகள் பிழைக்கவில்லை. அந்த வயதில் இதைப் பார்த்தவன் எப்படித் தாங்கியிருப்பான் என்று எனக்கு மனசு கனத்துப்போகும்.

யூட்டா வந்த பிறகு தந்தி அடிக்கக் கற்று, மவுண்ட் பிளசன்ட் தந்தி அலுவலகத்தைக் கவனித்தார். அப்புறம் எஃப்ரெய்ம் ஊரில் கூட்டுறவுக் கடை நிர்வாகம். அங்கிருந்து சட்டமன்றம்.

அவர் பெயர் நிலைத்தது 1888-ல். விவசாயக் கல்லூரி வேண்டும் என்று அவர் கொண்டுவந்த மசோதா மார்ச் 8-ம் தேதி சட்டமானது. லுண்ட் சட்டம் என்றே அதற்குப் பெயர். கட்டடத்துக்கு 25,000 டாலர் ஒதுக்கினார்கள். அந்தக் காலம் எப்படிப்பட்டது தெரியுமா? பலதார மணத்துக்காக மார்மன் ஆண்களைக் கூட்டாட்சி அரசு சிறையில் தள்ளிக்கொண்டிருந்தது. யூட்டா அப்போது மாநிலமாகவில்லை; ஆளுநரோ வாஷிங்டன் அனுப்பிய ஆள், மார்மன் அல்லாதவர். இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கல்லூரி என்ற ஒரு விஷயத்தில் கையெழுத்து விழுந்தது. இதைப் பெரிய சாதனை என்றே சொல்வேன்.

1890-ல் லோகன் நகரில் கல்லூரி திறந்தது. முதலில் பெயர் பதிந்தவர் வெண்ட்லா பெர்ன்ட்சன் என்ற பெண். உங்களுக்குப் பிடிக்கும் என்றுதான் இதைச் சேர்த்தேன். இன்று அதுதான் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம்.

நீதிபதியான டேன் யாராவது உண்டா?
(வழக்கறிஞர், சேலம்)

உண்டு, அவரும் ஆல்போர்க்காரர்தான்! ஜேக்கப் ஜான்சன், 1847-ல் பிறந்தவர். ஏழு வயதாகும் முன்பே பெற்றோருடன் அமெரிக்கா வந்தார். வக்கீலாகி, அதே சான்பீட் பள்ளத்தாக்கில் ஸ்பிரிங் சிட்டியில் தொழில் நடத்தினார். 1888 முதல் 1890 வரை மாவட்ட புரோபேட் நீதிபதி, அதாவது உயில், சொத்து வழக்குகளைப் பார்ப்பவர்.

இந்தப் பதவிக்கு ஒரு பின்கதை இருக்கிறது. முன்பெல்லாம் யூட்டாவின் புரோபேட் நீதிமன்றங்கள் உயில், சொத்து வழக்குகளோடு கிரிமினல் வழக்குகளையும் விசாரித்தன. நீதிபதிகள் பெரும்பாலும் மார்மன்கள். 1874-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த அதிகாரத்தை வெட்டியது. 1887-ல் நியமனமும் அமெரிக்க ஜனாதிபதி கைக்குப் போனது. ஜான்சன் வந்து உட்கார்ந்தது அப்படிச் சுருங்கிய நாற்காலியில். ஆனால் யூட்டா மாநிலமான 1896-லிருந்து 1905 வரை ஏழாவது நீதித்துறை மாவட்டத்தின் நீதிபதியாக முழு அதிகாரத்தோடு இருந்தார். பிறகு 1913 முதல் இரண்டு ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்.

லுண்டுக்கு எத்தனை மனைவிகள்? உண்மையைச் சொல்லுங்கள்.
(வாசகர், மதுரை)

ஒருவர்தான். 1870-ல் சாரா ஆன் பீட்டர்சனைக் கைப்பிடித்தார், கடைசிவரை அவரோடுதான். சபையின் மேல்மட்டத்தில் பலதார மணம் சாதாரணமாக இருந்த காலம் அது. 1889-ல் அவரை அப்போஸ்தலராக, அதாவது சபையை நடத்தும் பன்னிருவரில் ஒருவராக, ஆக்கினார்கள். 1901-ல் சபைத் தலைவருக்கு ஆலோசகரானார். 1921-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரே மனைவி என்பது அவர் வளர்ச்சிக்குத் தடையாக இருக்கவில்லை.