நகரம் வளர வளர ஏன் சூடாகிறது?

ஒரே நாளில், ஒரே வெயிலுக்குப் பிறகு, சென்னை தியாகராய நகரில் இரவு பத்து மணிக்கும் புழுங்கும். ஊரைத் தாண்டி வயல் பக்கம் போனால் காற்றில் குளிர்ச்சி தெரியும். சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட நகரம் மட்டும் கூடுதலாகச் சூடாக இருப்பதை 'நகர வெப்பத் தீவு' என்பார்கள்.

முக்கியக் காரணம் தண்ணீர். ஈர மண், ஏரி, மரம் எல்லாவற்றிலிருந்தும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதற்குத் தேவையான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். அந்தப் பானைக்கு வெளியே பெயின்ட் அடித்துப் பாருங்கள், குளிராது. நிலத்தை சிமென்ட் போட்டு மூடுவதும் அதே வேலைதான். தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து உருவாக்கியது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரி இருந்த இடத்தில்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலமோ கட்டடங்களுக்கும் குப்பைக்கும் இடம் கொடுத்தே சுருங்கிப்போனது.

அப்புறம், கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடும். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அது வானத்துக்குத் தப்பிப் போகவும் வழி குறைவு. அதனால்தான் பகலைவிட இரவில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஏசியும் வண்டிகளும் தள்ளும் சூடு இதோடு சேரும்.

'புவி வெப்பமயமாதல் என்பதே இந்த நகரச் சூடுதான், வெப்பமானிகள் ஊருக்குள் இருப்பதால் அப்படித் தெரிகிறது' என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டும் வேறு வேறு, கட்டடமே இல்லாத கடலும் சூடாகித்தான் வருகிறது.