ஓட்ஸ் வேண்டாம் என்கிற அம்மாவுக்கு முழுதானியம் எப்படிக் கொடுப்பது?

(கேள்வி: அம்மாவுக்கு 65 வயது. இதயத்துக்கு நல்லது என்று ஓட்ஸ் வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டேன் என்கிறார். முழுதானியம் சாப்பிட்டால் மாரடைப்பு வராது என்பது உண்மையா?)

உங்கள் அம்மாவைப் பிடிவாதக்காரர் என்று நினைக்காதீர்கள். என் அம்மாவும் இதையேதான் சொன்னார். எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம்.

வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 55 முதல் 69 வயது வரையுள்ள, மாதவிடாய் நின்ற 34,492 பெண்களை 1986இலிருந்து ஒன்பது வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் ஒரு வேளையாவது முழுதானியம் சேர்த்தவர்களில் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள், அரிதாகச் சேர்த்தவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர்கள் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தானே என்று கேட்பீர்கள். புகைப்பழக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் இருந்தது. இதை வைத்து முழுதானியம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதுவும் சரி. ஆனால் அந்தப் பெண்கள் பெரும்பாலும் சாப்பிட்டது தவிடு நீக்காத ரொட்டியும் காலை உணவுத் தானியமும். தானியத்தின் தவிடும் முளைக்கருவும் போகாமல் இருப்பதுதான் விஷயம், ஓட்ஸ் என்ற பெயர் இல்லை.

அது நம் ஊர் அடுப்பிலேயே இருந்ததுதானே? தவிடு போகாத சிவப்புச் சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் அதுதான். அவர் போனபிறகு ஒருத்திக்கு எதற்குத் தனி உலை என்று அம்மா வெள்ளைச் சோற்றுக்கு மாறிவிட்டார். பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்கள் மிச்சம் வைத்ததே அவருக்கு ராத்திரிச் சாப்பாடு. பிறகு அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி சம்பா அரிசி வாங்கினபோது, "மக்களே, இந்தப் பல்ல வச்சுக்கிட்டு அத எப்படி சவைக்க?" என்றார். ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் கூடுதலாக நாலு விசில் விட்டு, மத்தால் லேசாகக் கடைந்து கொடுத்தேன். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். சாயங்காலம் சில நாள் சம்பாப் புட்டும் கடலைக்கறியும்.

சிவப்பு அரிசி அடைப்பைக் கரைக்கும் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். அம்மா ஒரு மாத்திரையையும் நிறுத்தவில்லை. சர்க்கரை இருந்தால் சம்பாச் சோறும் அளவோடுதான், கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டபிறகுதான். ஓட்ஸில் இருக்கும் நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்பதும் உண்மை, பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், எனக்கு ஆறவில்லை. அம்மாவுக்கு நெஞ்சுவலியே வரவில்லை. தாடையும் தோளும் கடுத்தது, குமட்டல், முற்றத்துக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கியது. முதலில் பார்த்த இடத்தில் கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஈசிஜிகூட எடுக்கவில்லை. ஆண் ஒருவர் வியர்த்துப்போய் வந்து நின்றால் வீல்சேர் வருகிறது, கிழவிக்கு ஜெலுசில். மாதவிடாய் நின்றபிறகு பெண்களுக்கும் இதய நோய் ஆபத்து ஏறும் என்பதும், பெண்களுக்கு இப்படி நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதும் புதுசாகக் கண்டுபிடித்த சங்கதியா? மறுநாள் வேறு இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் மாரடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள்.

உங்கள் அம்மா இந்த மாதிரி ஏதாவது சொன்னால் ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.