மரத்தடியில் விட்டுவந்தவர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அசாமில் இருந்த அமெரிக்க 'ஏர் கமாண்டோ' படையைப் பற்றிப் போன இதழில் ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். குண்டு போடவும் உளவு பார்க்கவும் ஒரு வல்லரசு உருவாக்கிய படை அது. அதுவும் நேதாஜிக்கு எதிரணியில் நின்ற படை. அதன் பிறப்புக் கதை தமிழ் வாசகனுக்கு எதற்கு?
வாசகர், திருநெல்வேலி

பதில்: எதிரணியில் நின்றது உண்மை. குண்டு போட்டதும் உண்மை. ஆனால் அதற்காகத்தான் உருவானது என்கிறீர்களே, அது தவறு. அந்தப் படையின் தொடக்கம் காயம்பட்டவர்களைப் பற்றிய கவலை.

1943 பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி ஆர்ட் விங்கேட் சுமார் 3,000 பேரைக் கூட்டிக்கொண்டு, ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பர்மாவுக்குள் நடந்தே போனார். சிண்டிட் என்று பெயர் பெற்ற படை அது. ஆங்கிலேயரும் கூர்க்காக்களும் பர்மியரும் அதில் இருந்தார்கள். சாப்பாடும் தோட்டாவும் வானிலிருந்து விழுந்தன. ஆனால் காயம்பட்டவனை மேலே தூக்கிக்கொண்டு போக வழியில்லை. நடக்க முடியாதவனை ஏதாவது ஒரு கிராமத்திலோ மரத்தடியிலோ விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. தன் நண்பனை அப்படி விட்டு வந்தவன் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! நாளைக்குத் தன் கதியும் அதுதான் என்று தெரிந்துகொண்டே அடுத்த அடி எடுத்து வைத்திருப்பான். திரும்பி வராதவர்கள் 800க்கும் மேல்.

ஒரே ஒரு முறை, ஏப்ரல் கடைசியில், காட்டுக்கு நடுவே இருந்த ஒரு வெட்டவெளியில் ஒரு டகோட்டா விமானம் துணிந்து இறங்கி, காயமும் நோயுமாகக் கிடந்த 17 பேரை ஏற்றிக்கொண்டு பறந்தது. முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதை வழக்கமாக்க ஆள் வேண்டும், விமானம் வேண்டும்.

அந்த ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் நகரில் நேச நாடுகளின் மாநாடு. சர்ச்சில் விங்கேட்டையும் கூடவே அழைத்துப் போயிருந்தார். அடுத்த முறை காயம்பட்டவர்களை ஏற்றிவரச் சிறு விமானங்கள் வேண்டும் என்பது விங்கேட்டின் கோரிக்கை. ரூஸ்வெல்ட் சம்மதித்தார். வேலை அமெரிக்க விமானப் படைத் தலைவர் ஹென்றி ஆர்னால்டிடம் வந்தது. அவர் சிறு விமானங்களோடு நிறுத்தவில்லை. ஒரு தரைப்படையை வானிலேயே கொண்டுபோய் இறக்கி, சோறு போட்டு, காவல் காத்து, காயம்பட்டால் திருப்பிக் கொண்டுவருகிற முழுப் பிரிவாக அதை வளர்த்துவிட்டார். மஸ்டாங் சண்டை விமானமும் மிட்செல் குண்டுவீச்சு விமானமும் அப்புறம் வந்து சேர்ந்தவை. நீங்கள் கடைசியில் வந்ததை முதலில் வைத்துப் படிக்கிறீர்கள்.

இதை நடத்த ஆர்னால்டு தேர்ந்தெடுத்தவர்கள் பிலிப் காக்ரன், ஜான் அலிசன் என்ற இரண்டு இளம் அதிகாரிகள். ஒருவர் வட ஆப்பிரிக்காவிலும் மற்றவர் சீனாவிலும் சண்டை விமானம் ஓட்டிப் பேர் வாங்கியவர்கள். காட்டுக்குள் சிறு விமானம் ஓட்டுகிற வேலைக்கா நான் என்று காக்ரன் முதலில் மறுத்தே பார்த்தார். பிரிவுக்கு முதலில் வைத்த பெயர் 'ப்ராஜெக்ட் 9'. ஆட்கள் 500 பேர் சொச்சம். சிறு விமானங்கள் மட்டும் சுமார் 100. அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சார்ஜென்ட்கள், அதிகாரிகள் அல்லர். இந்தப் படையைப் பற்றிப் பேசுகிறவர்கள் காக்ரனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த சார்ஜென்ட்கள்தான் முக்கியம். ஸ்ட்ரெச்சரில் ஒருவனைப் படுக்க வைத்து, மரங்களுக்கு நடுவே இருக்கிற சின்னஞ்சிறு துண்டு நிலத்திலிருந்து விமானத்தை மேலே எழுப்பியவர்கள் அவர்கள்.

அசாமின் கச்சார் பகுதியில் லாலாகாட், ஹைலாகண்டி என்ற இரண்டு இடங்களில் முகாம். இயந்திரம் இல்லாத கிளைடர்களை டகோட்டா இழுத்துப் போகும், எதிரி நிலத்துக்கு மேலே கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். 1944 பிப்ரவரியில் ஒத்திகையின்போது நடந்த விபத்தில் ஆங்கிலேயர் நால்வரும் அமெரிக்கர் மூவரும் இறந்தார்கள். இனி ஆங்கிலேயச் சிப்பாய்கள் நம்மை நம்புவார்களா என்று அமெரிக்கர்கள் கலங்கியிருந்த நேரத்தில் ஆங்கிலேயப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. எந்த இடம், எந்த நேரம் என்றாலும் உங்கள் பையன்களோடு வருவோம் என்பது அதன் சாரம். அதுவே பின்னாளில் படையின் முழக்கமானது.

மார்ச் 5 இரவு சிண்டிட் படையை ஏற்றிக்கொண்டு பர்மாவுக்குப் புறப்பட்டார்கள். இறங்கத் தேர்ந்தெடுத்திருந்த இடங்களில் ஒன்றில் மரக்கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதைக் கடைசி நேரத்தில் எடுத்த வான்படம் காட்டியது. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பதறினார்கள். உண்மையில் பர்மிய மரவெட்டிகள் தேக்கைக் காயப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். எல்லாக் கிளைடர்களையும் 'பிராட்வே' என்று பெயரிட்ட இன்னொரு வெளிக்கே திருப்பினார்கள். அங்கே தேக்குக் கட்டைகளை இழுத்துப்போன பள்ளங்கள் புல்லுக்கடியில் மறைந்திருந்தன. சக்கரம் சிக்கி ஒரு கிளைடர் உடைய, அதன்மேல் அடுத்தது வந்து மோதியது. சில கிளைடர்கள் கயிறு அறுந்து வழியிலேயே விழுந்தன. சுமார் 30 பேர் இறந்தார்கள். ஆனாலும் மறுநாள் இரவே டகோட்டா இறங்கும் அளவுக்கு ஓடுதளம் தயாராகிவிட்டது. ஒரு வாரத்தில் சுமார் 9,000 பேரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகளும் வந்து இறங்கியாயிற்று. 'முதலாவது ஏர் கமாண்டோ குரூப்' என்ற பெயர் அந்த மாதக் கடைசியில்தான் வந்தது.

ஏப்ரலில் ஒரு சம்பவம். காயம்பட்ட ஆங்கிலேயர் மூவரை ஏற்றிய சிறு விமானம் எதிரி நிலத்தில் விழுந்துவிட்டது. கார்ட்டர் ஹார்மன் என்ற லெப்டினென்ட் அப்போது புத்தம் புதிதாக வந்திருந்த சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டு போனார். அந்த வெக்கையில் அது விமானியைத் தவிர ஒரே ஒருவரைத்தான் தூக்கும். திரும்பத் திரும்பப் போய், காயம்பட்ட மூவரையும் விழுந்த விமானத்தின் விமானியையும் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார். போர்முனையில் ஹெலிகாப்டர் மீட்பு என்பதே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சரி, தமிழ் வாசகனுக்கு இது எதற்கு? நேதாஜியின் பெயரைச் சொன்னீர்கள். அவருடைய இந்திய தேசிய இராணுவம், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்த படை. பிராட்வேயில் கிளைடர் இறங்கிய அதே மார்ச்சில்தான் ஜப்பானியரோடு இந்திய தேசிய இராணுவமும் இம்பாலை நோக்கி வந்தது. சில மாதங்களில், கொட்டும் மழையில், மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் பசியோடும் அந்த மலைகளின் வழியே அவர்கள் பின்வாங்கினார்கள். விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். விங்கேட்டின் ஆட்கள் முந்தின வருடம் தோழர்களை விட்டு வந்தது போலவே இவர்களும் விட்டு வந்தார்கள். இவர்களைத் தூக்கிவர அப்படி ஒரு விமானப் பிரிவு இல்லை.